முட்டையின் வெளிச்சப் பக்கம்

பரமத்தி ரோட்டில் பால் வண்டி திரும்பும் நேரம்.
மிஷின் நிற்கிறது.
அட்டைப் பெட்டியில் ஒரு முட்டை,
வெளிச்சம் விழும் பக்கத்தில்
ஒரு கோடு.

பொங்கியண்ணன் பெட்டியைத் தூக்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்,
பண்ணையில் நிஜ முட்டையைப் பிடிப்பாரே
அப்படி.
"விரிசல் உட்ட முட்டைய
எவனுங்க வாங்குவான்?"

விரிசல் இல்லைங்க அது.
சாம்பல் படிப்படியாய் இறங்கி
மூன்று சதவீதத்துக்குக் கீழே படி இல்லாமல்
சட்டென்று வெள்ளையில் குதித்த இடம்.
இதை அவரிடம் சொல்லவா முடியும்.

அழுத்தத்தைத் தளர்த்தினேன்,
ஒரு நூல், பிறகு அரை நூல்.
தூங்கும் பிள்ளையின் மூக்கருகே
விரல் வைத்து மூச்சுப் பார்ப்போமே
அந்த அளவுக்குத்தான் பிளேட் தொடவேண்டும்.
தொட்டது.
கோடு போகவில்லை;
பண்ணையின் பேர் போய்விட்டது,
அட்டையின் நெளிவு வரிவரியாய்.

பிளேட் ரூமிலிருந்து தவமணி வந்தாள்.
லென்ஸைக் கண்ணில் இடுக்கி
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
பாதிப் புள்ளிகள் கழுவும்போதே
பிரஷ்ஷோடு போயிருக்கின்றன.
மிஞ்சியவை பருத்துக் கிடக்கின்றன.

சின்னப் புள்ளி, கொஞ்சமாய்த்தானே மை எடுக்கணும்?
"குழி வாயைவிடச் சின்னதுங்க.
அனிலாக்ஸுக்குள்ள விழுந்து
கழுத்து வரைக்கும் குளிச்சுட்டு வருது."

இனிச் சின்னதாக்கப் போவதில்லை என்றாள்.
ஒரே அளவில் நிறுத்திவிட்டு
ஆட்களைக் குறைப்பாளாம்.
இங்கொன்று, தள்ளி ஒன்று,
ஞாயிற்றுக்கிழமை மில் வாசல் மாதிரி.
"வெள்ளைன்னு எங்கியும் உடமாட்டனுங்க.
முட்டை பூராவும் புள்ளி போகும்."

அப்போ வெள்ளை?

"பாக்கற கண்ணு வெச்சுக்கும்."

ஆறாவது ஓட்டம், ராத்திரி இரண்டரை.
பொங்கியண்ணன் பெட்டியைச் சாய்த்தார், திருப்பினார்,
நகத்தால் தடவினார்.
கோடு இருந்த இடத்தை என்னிடம் கேட்டார்.
நானும் தேடினேன்.
"ஓட்டுங்க."

நாலாயிரம் பெட்டி.
மூவாயிரத்துச் சொச்சத்தில் எடுத்த ஒன்றில்
புள்ளி ஓரங்களில் மை காய்ந்து
கொஞ்சம், கொஞ்சமே,
முட்டை அழுக்காகியிருந்தது.
அவர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார்.
மிஷினை நிறுத்தி
பிளேட் துடைக்கத் துணி எடுத்தேன்.