சந்ததி இல்லை

கோட் பசாவாவில் நான்கு பட்டிகள்.
குடியேறியவனுக்கு நான்கு மகன்கள்,
அதனால் நான்கு என்கிறார்கள்.
மகளே பிறக்கவில்லையா அவனுக்கு என்று
வேலைக்குச் சேர்ந்த வாரம் கேட்டேன்.
அலுவலகக் காவல்காரர்
பொங்காத பாலைப் பார்க்க எழுந்து போனார்.

நான் இங்கே பட்வாரி.
என் இரும்பு அலமாரியில் இந்த ஊர்
துணியாக மடிந்து கிடக்கிறது,
கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, மங்கிய மை.
ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு.
கோதுமை நடுவே குந்தியிருக்கும் ஜடேராவுக்கு,
புல்லர்களின் முன்னோர் மேட்டுக்கு,
ஒரு சின்ன வட்டம். தீர்வை இல்லை.

கீழ்த்தட்டில் வம்சப் படம்.
பெயரின் கீழ் பெயர், கோட்டின் கீழ் கோடு,
வேர் மேலே கிளை கீழே.
சில பெயர்களோடு கோடு நின்றுவிடும்;
அங்கே பழைய எழுத்தில்
‘லாவலத்’ என்றிருக்கும். சந்ததி இல்லை.
அவர்களில் ஒருவனுக்கு மூன்று பெண்கள் என்பது
ஊருக்கே தெரியும்.

சித்திரை வெயிலில், அறுவடை இயந்திரம்
கிழக்கே இரைந்துகொண்டிருந்த நாளில்
பர்சின் கௌர் வந்தாள்,
இரண்டு பஸ் மாறி.
அப்பன் செத்து ஐந்து மாதம்.
நிலம் ஒன்பது கில்லா. அண்ணன்மார் இருவர்.
விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை
லக்மீர் தட்டச்சு செய்து வைத்திருந்தான்.
ஹர்தம் ஒரு லட்டுப் பெட்டியும்
ஒரு புதுத் துணி செட்டும் வைத்திருந்தான்,
கிளிப்பச்சை.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.
சங்ரூர் பக்கம் என் பிறந்த வீட்டில்
பதினொரு கனாலுக்கு ஈடாக எனக்கும் ஒன்று வந்தது.
சாயம் போகவே இல்லை.
அன்று அதைத்தான் உடுத்தியிருந்தேன்.

பர்சின் பேனாவைத் தொடவில்லை.
‘படத்தை வாசி’ என்றாள்.
வாசித்தேன். பசாவா, அவன் மகன் மாலா,
அவன் மகன் ரூடா,
ரூடாவின் மகன்கள் ஐவர்,
அப்படியே இறங்கி இறங்கி அவள் அப்பன்வரை.
‘அதற்குக் கீழே?’
‘லக்மீர். ஹர்தம்.
பர்சின், பென்சிலில். மையிடவில்லை இன்னும்.’
‘இன்னொரு தரம் வாசி.’
வாசித்தேன்.
மூன்றாம் தரமும் கேட்டாள்.
லக்மீர் கைபேசியில் மணி பார்த்தான்.
என் பெயருக்குக் கீழேயும் கோடு போடுவாயா,
என் மகளுக்கு, என்றாள்.
காலம் வந்தால் போடுவேன் என்றேன்,
அரசு ஊழியர் சொல்லக்கூடிய பதில் அதுதான்.

ஒரு லட்டு தின்றாள். கை துடைத்தாள்.
வெளியே போனாள்.
துணிப் பை இருக்கையிலேயே இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
மேட்டருகே குளம் வற்றிச் சேறாகியிருந்தது.
குலத்தின் மகன்கள் அள்ளலாம், மருமகள்கள் அள்ளலாம்;
கட்டிக்கொடுத்த மகளுக்குப் புருஷன் வீட்டு மேடுதான்.
பர்சின் செருப்பைக் கழற்றினாள்,
சல்வாரை முழங்கால்வரை சுருட்டினாள்,
ஒரு பிடி, இரண்டு பிடி,
ஏழு பிடி சேறு
வட்டத்தின்மேல் கொண்டுபோய்க் கொட்டினாள்.
கும்பிட்டாளா என்று தெரியவில்லை,
அந்த நேரம் டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது.
திரும்பிப் பார்த்தபோது
அவள் சாலையில் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்,
சேறு உலராத கை.

ஹர்தம் என்னிடம், ‘அக்கா, அவள் மறுபடி வருவாளா?’ என்றான்.
லக்மீர் பத்திரத்தை நான்காய் மடித்தான்,
பிறகு எட்டாய்.
நான் பேனாவை உதறி மை வரவழைத்து
பென்சில் எழுத்தின்மேல் எழுதினேன்:
பர்சின் கௌர், மகள், இருபத்துநான்கு கனால்.

துணி செட்டை யாரும் எடுத்துப் போகவில்லை.
இரண்டு நாள் நாற்காலியில் கிடந்தது.
மூன்றாம் நாள் காவல்காரர் கேட்டார்,
அலமாரியைத் துடைக்க எடுத்துக்கொள்ளட்டுமா என்று.