தரப்படவில்லை

நவம்பரில் ஓல்டனில் ஆறும் இல்லை, பாலமும் இல்லை,
மூட்டம்தான்.
ஆறு ஐந்து ரயில். மடியில் கொப்பி.
கொப்பியில் அரைவாழ்வு.

நூறு போட்டால் ஒன்றரை நாளில் ஐம்பது,
இன்னும் ஒன்றரை நாளில் இருபத்தைந்து,
பிறகு பன்னிரண்டரை.
முழுதாய் வெளியேறும் நாளை
எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.
ஐந்து தரம் பாதியானால்
போய்விட்டதாய் எண்ணிக்கொள் என்கிறது.
பதினொரு வருடம் பீட்சாக் கடையில்
கோப்பை கழுவிய கை என்னுடையது.
சவர்க்கார வாசம் இன்னும் எத்தனையாம் பாதியில் நிற்கிறதோ.

வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது. எனக்கு நாற்பத்திரண்டு.
ஜெர்மனில் கேட்டதை
எனக்கு விளங்கும்படி எழுதி வைத்தேன்:
விழுங்கிய குளிசை நேரே இதயத்துக்குப் போகாது.
வழியில் ஈரல், வரிக் கந்தோர்.
தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடும்.
நாக்கின் கீழ் வைத்ததோ
வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடிவிடும்.

பெட்டிக்கு ஒரு பெயர், உள்ளே இருப்பதற்கு ஒரு பெயர்.
மேல்வீட்டுச் சுகந்தமலர்
தலையிடிக்கு நீலப் பெட்டி, காய்ச்சலுக்குச் சிவப்புப் பெட்டி.
ரெண்டும் பரசிற்றமோல்தான் அக்கா என்றேன்.
"விசர்க் கதை கதையாதை.
ஒண்டு இங்க வாங்கினது, மற்றது கொழும்பால வந்தது."

மூன்றாம் மாடி, பதினாலாம் அறை.
ஹெர் ஷ்டூடர், எண்பத்தாறு.
பெயர் கேட்டேன், பிறந்த திகதி கேட்டேன்,
கைப்பட்டியோடு ஒத்துப் பார்த்தேன்.
நேற்றும் கேட்டவள்தான்.
"இரவோடு இரவாக மறந்துவிட்டாயா" என்று சிரிப்பார்.
இன்று சிரிக்கவில்லை.
பாணில் ஒரேயொரு கடி. கோப்பி ஆறி, ஆடை படர்ந்து.
யன்னலைக் காட்டினார்:
முப்பத்தெட்டு வருடம் இந்த மூட்டத்துக்குள் நின்று
ரயில் பெட்டி கோத்தவன் நான்.
ஒரு நாளும் இது மஞ்சளாய் இருந்ததில்லை.

நானும் பார்த்தேன்.
வெள்ளை.
கழுவிக் கவிழ்த்த கோப்பை வெள்ளை.

கொப்பியின் மூலையில், பென்சிலில்,
நான் நம்பாமல் எழுதிய வரி:
டிகொக்சின் மிஞ்சினால் பசி போகும்,
குமட்டும்,
உலகம் மஞ்சளாகும்.

நெஞ்சில் குழாயை வைத்தேன். முழு நிமிடம்.
அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கும் கெட்டித்தனம்
இந்த மருந்திடம் செல்லாது.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.
நாற்பத்தேழு.
முள் சுற்றி முடிந்துவிட்டது.

போன கிழமை அவருக்கு வயிற்றோட்டம்.
உடம்பு வற்றி, சிறுநீரகம் சோர்ந்து,
நான் ரயிலில் போட்ட ஒன்றரை நாள்
அவருக்குள் மூன்றாய், நாலாய் நீண்டிருக்கிறது.
நேற்றையது போகுமுன் இன்றையது.
அதன் மேல் நாளையது.
சரியான ஆள். சரியான மருந்து. சரியான அளவு.
சரியான வழி, சரியான நேரம்.
ஐந்தும் சரியாய்ப் பார்த்துத்தான்
நேற்று நான் கொடுத்தேன்.

பொறுப்புத் தாதி யொலாண்டா ஓடி வந்தாள்.
டாக்டர் போனில் கேட்டது இரத்தம், பொட்டாசியம், ஈசிஜி.
அரிசியில் பொறுக்கிய கல் அளவு வெள்ளைக் குளிசை
கிண்ணத்திலேயே கிடந்தது.
"எனக்கு இன்று ஒன்றுமில்லையா?"
"இன்று இல்லை, ஹெர் ஷ்டூடர்."

கணினியில் எழுதினேன்: தரப்படவில்லை.
காரணம்: துடிப்பு நாற்பத்தேழு.
மூட்டம் மஞ்சள் என்கிறார்.
மூன்று எழுத்துப் பிழை. திருத்தாமலே சேமித்தேன்.

வியாழன், எலுமிச்சம்பழ நிறம் என்றார்.
சனி, மோர் நிறத்தில் ஏதோ.
திங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
பாண் முழுதாய்ப் போயிருந்தது, வெண்ணெயும்.

சோதனையில் நாலாம் கேள்வி:
டிகொக்சினின் அரைவாழ்வு எவ்வளவு?
யாருடைய உடம்பில், என்று எழுதினேன்.
பிறகு அதை அழித்துவிட்டு
முப்பத்தாறு மணித்தியாலம் என்று எழுதினேன்.
முழுப் புள்ளி போட்டிருந்தார்கள்.