முத்திரை விழாத பக்கம்

பெட்னேகர் கட்டைவிரலை ஈரப் பஞ்சில் அழுத்தி
பக்கம் புரட்டுகிறார்.
வெளியே சர்ச்கேட் முழுக்க ஜூலை.
என் ரெயின்கோட் அவருடைய மொசைக் தரையில்
சின்னதாக ஓர் ஏரி செய்துகொண்டிருக்கிறது.

எத்தியோப்பியாவை விட்டு வண்டி போயிருக்கிறது, சரி.
கென்யாவுக்குள் வந்ததாக எங்கேயும் இல்லையே, மேடம்.
பன்னிரண்டாம் தேதி போன வண்டி
இருபத்தொன்றில் நைரோபியில் நிற்கிறது.
நடுவில் ஒன்பது நாள்
எந்த நாட்டில் இருந்தது?

நல்ல கேள்வி.
என் வைப்புநிதிப் பணம் இந்தக் கட்டடத்தில் எங்கோ
இந்த மஞ்சள் புத்தகத்துக்கு ஈடாகக் கிடக்கிறது.
பதில் சொன்னால்தான் வெளியே வரும்.

ஆபீஸ் இல்லை, சார், என்கிறேன்.

கேட் இல்லை, கயிறு இல்லை,
கயிற்றை இழுத்து விட ஓர் ஆள் இல்லை
என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள்
அவர் அடுத்த பக்கம் போய்விட்டார்.
ஆடு மேய்த்த பையனிடம், கென்யா? என்று கேட்டேன்.
நான் வந்த திசையைக் காட்டினான்.
பிறகு போகிற திசையை.
பிறகு என் ஹெல்மெட்டைக் காட்டினான்.
கொடுத்தேன்.
மாட்டிக்கொண்டு தன் ஆடுகளைத் தானே மிரட்டி
சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான்.
ஆடுகள் சிதறி ஓடியதில்
எத்தனை எந்த நாட்டுக்குப் போயின, தெரியாது.

மணலில் பதினோரு தடவை விழுந்தேன்.
முதல் மூன்று தடவை
கண்ணுக்கெட்டியவரை யாருமில்லை என்று தெரிந்தும்
எழுந்ததும் திரும்பிப் பார்த்தேன்.
அந்தேரிக் கிளையில் இருபது வருஷம்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்கு
அது லேசில் போகாது.
ஏழாவதில் கிளட்ச் லீவர் பாதியாக ஒடிந்தது.
பதினோராவதில் தூக்க முடியவில்லை.
பெட்டிகளைக் கழற்றினேன். தண்ணீர், அரிசி, ஸ்பேர் டியூப்,
கூடாரம், ஒரு முறையும் உடுத்தாத ஒரு நல்ல சல்வார்,
எல்லாம் இறக்கினேன்.
அப்போதும் முடியவில்லை.
விழுந்த வண்டிக்கு முழங்கால் உயரந்தான் நிழல்.
தலையை மட்டும் அதில் வைத்துப் படுத்தேன்.
பெட்ரோல் சொட்டுகிற சத்தம்.
பக்கத்தில் எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு
வரி கட்டாமல் கடந்தது.
பயமா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள்.
பசித்தது.
அந்த மத்தியானம்
எந்த அரசாங்கத்தின் கணக்கிலும் நான் இல்லை.

வெயில் இறங்கியதும் தூக்கினேன்.
எப்படி என்று என் முதுகைத்தான் கேட்க வேண்டும்,
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஏரிக்கரையில் தகரக் கூரையும் ஒரு கொடிக்கம்பமும்.
போலீஸ்காரர் பாதி முகம் சோப்பு நுரையோடு வந்தார்.
கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில்
செண்பகவல்லியை மூன்று துண்டாக எழுதினார்.
அப்பா பெயர் கேட்ட இடத்தில், மும்பை.
முத்திரை நைரோபியில் இருக்கிறது,
என்னிடம் பேனாதான், என்றார்.
நான் நின்ற நிலையைப் பார்த்திருப்பார்.
நீ கென்யாவில் இருக்கிறாய், அம்மா.
நான் சொல்கிறேன்.
எண்ணூறு கிலோமீட்டர் அதை மட்டும் வைத்துக்கொண்டு
ஓட்டினேன்.

பெட்னேகர் ஒரு படிவம் நகர்த்துகிறார்.
காரணம் என்று அச்சடித்து
கீழே இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
அலுவலகம் இல்லை என்று எழுதினேன்.
இரண்டாவது வரி அப்படியே இருக்கிறது.

புத்தகத்தைத் தலைகீழாக்கி மேஜையில் தட்டினார்.
தையலிலிருந்து ஒரு சிட்டிகை, செம்பழுப்பாக,
கண்ணாடிமேல் விழுந்தது.
பக்கத்து மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டு
விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

மைலேஜ் எவ்வளவு கொடுத்தது?

முப்பத்திரண்டு. மணலில் பதினெட்டு.

தலையை ஆட்டினார், துக்கம் விசாரிப்பதுபோல.
அவருடையது டோம்பிவிலியில்
நாற்பத்தைந்து கொடுக்குமாம்.