ஐரிஸ் வளையம்

மேசையில் மூன்று கமராக்கள்.
ஒன்று நுவரெலியா ஹோட்டல்காரர் விற்கப் பார்ப்பது.
ஒன்று கண்டிக் கடைக்காரர்
இரண்டு நாளைக்கு நம்பித் தந்தது.
மற்றது கொட்டகலைப் பாதிரியாரின் மருமகன்
டோகாவிலிருந்து கொண்டுவந்தது,
லென்ஸ் மூடியின் பிளாஸ்டிக்கூட உரிக்காமல்.

கையில் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம்.
அதில் அறுபது, மரியசீலனுடைய தங்கச்சியின் சீட்டு.

ஹோட்டல்காரருடையது டேப்.
மணிக்கொரு கசட், கசட் அறுநூறு ரூபாய்.
தாலி கட்டும் நேரம் பார்த்து முடியச்சொல்லி
எல்லாக் கசட்டுக்கும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
ஆனால் மைக்குக்கு இரண்டு தடித்த வாய்;
பக்கத்தில் நின்று தப்படித்தாலும் சத்தம் கிழியவில்லை.
தோளில் ஏற்றினால் கூட்டம் வழிவிடும்.
"அது முக்கியம்" என்றான் சீலன்.
"சின்னதக் கொண்டு போனா, வந்த ஆளுன்னு நெனச்சு
பந்தியில ஒக்காரச் சொல்லுவாங்க."

கண்டிக்காரருடையது உள்ளங்கைக்குள் அடங்கும்.
ராத்திரி அதை எடுத்துக்கொண்டு
லயத்துக் கோடிக் காம்பராவுக்குப் போனேன்.
நாற்பது வாட் குண்டு பல்பு,
அதிலும் பாதியை அடுப்புப் புகை குடித்திருந்தது.
கொடியில் காய்ந்த ஸ்கூல் சட்டையின்
பொத்தான்களை எண்ணிக் காட்டியது கமரா.
இருட்டை இவ்வளவு மரியாதையாக நடத்திய மெசினை
நான் கண்டதில்லை.
விடிந்து மூடுபனி இறங்கியதும்
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
முன்னும் பின்னும் தவித்தது,
கடன்காரனைச் சந்தியில் கண்டவன் கண்போல.

டோகாக்காரருடையதைப் பற்றி
அதிகம் சொல்லக்கூடாது. ஆசை வரும்.
எதிர்மலைத் துளிர்கள் தனித்தனியே நின்றன.
விலை மூன்றரை.
பற்றரி ஒன்றுதான், அடுத்ததுக்கு முப்பதாயிரம்,
அதுவும் கொழும்பில் சொல்லிவைக்க வேண்டும்.
பழுதானால் டோகாவுக்கு யார் கொண்டுபோவது?

கலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
கல்யாணம் இருபத்தையாயிரம். சடங்கு பன்னிரண்டு.
சாவுக்கு வாங்குவதில்லை.
பாதி முன்பணம், மீதி சம்பளத்துக்குப் பிறகு
பத்தாம் தேதி.
எந்த மாதத்துப் பத்தாம் தேதி என்று
நாங்களும் கேட்பதில்லை.
சீலன் கூட்டிக்கொண்டே போனான்.
நான் கழித்துக்கொண்டே போனேன்.

பிறகு மூன்றையும் தூக்கிக்கொண்டு வட்டகொடைக்கு.
அடுத்த மாதம் அங்கேதான் கல்யாணம்.
பெண்ணின் அப்பா சங்கிலிமுத்து வாசற்படியில் நின்றார்,
முதுகுக்குப் பின்னால் மலை முழுக்க வெள்ளை.
மூன்று கமராவும் ஒரே மாதிரி
மூடுபனிக்கு அளவெடுத்தன.
மூன்றிலும் அவர்
கதவில் தொங்கவிட்ட கறுப்புத் துணி.

"உள்ளுக்கு வாங்கய்யா."
"இருக்கட்டும் பிள்ள, நான் இங்கனயே நிக்கிறேன்."

கல்யாணத்தன்றும் அங்கேதான் நிற்பார்.
நான் எடுத்த வீடுகளில் எல்லா அப்பாமாரும்
வெளிச்சத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறார்கள்.

சின்னதில் மெனுவுக்குள் மெனு.
நாலாவது அழுத்தலில் அவர் ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.
கூப்பிட்டு நிறுத்தினோம்.
விலை கூடியதில் கண்ணாடியைத் தொடவேண்டும்,
என் விரலோ ஈரம்.
பழசில் பெருவிரல் போன இடத்திலேயே வளையம்.
திருப்பினேன்.
எதிர்மலை கரைந்தது. தேயிலை போனது,
ரோட்டுப் போனது, வானம் எங்கே தொடங்கியதோ அதுவும்.
ஒரு மூக்கு வந்தது.
பாதி நரைத்த மீசை வந்தது.
எங்களுக்காக அவசரமாய்ச் சவரம் செய்ததில்
கன்னத்தில் ஒரு புதுக் கீறல்.

"மலை விழல்லியே" என்றான் சீலன்.
"விழாது."

இரண்டு நாற்பதுக்கு முடித்தோம்.
மீதிக்குக் கசட் வாங்கியாயிற்று.
ராத்திரிக்கு என்ன செய்வதென்பது மட்டும்
இன்னும் தீரவில்லை.
அட்டனில் ஆயிரம் வாட் விளக்கொன்று பார்த்தோம்.
அதைப் போட்டால்
லயத்துக்கே பியூஸ் போகுமாம்.