எந்த நாலு

பூவலிங்கத்துக்கு இன்று பதினோராவது நாள்.
பதினோராவது இரவு என்று சொல்ல முடியாது;
ஏழாம் கட்டிலுக்கு மேலே
விளக்கு அணைந்ததே இல்லை.

மூன்று மணிக்கு உடம்பு துடைப்போம்.
ஏன் மூன்று?
அப்போதுதான் எங்களுக்குக் கை ஒழியும்.
நாலுக்கு ரத்தம்.
ஐந்துக்கு எக்ஸ்ரே. முதுகுக்கடியில்
சில்லென்ற பலகை செருகும்போது கண் திறப்பார்.
சாரி சொல்வதற்குள் அடுத்த கட்டில் கத்தும்.

நல்ல உடம்பில் கார்ட்டிசால்
நடுநிசியில் தாழ்ந்து கிடந்து
விடிவதற்கு முன்பே எழுந்து உட்காருமாம்.
மெலட்டோனின் இருட்டுக்குக் காத்திருக்குமாம்.
இவருக்கு
நாலு மணிக்கொரு தடவை எடுத்த ரத்தத்தை
டாக்டர் ஹனான் புள்ளி வைத்துப் பார்த்தார்.
ஆறு புள்ளியும் உயரத்தில், ஒரே கோட்டில்,
துணி காயப்போடும் கொடி மாதிரி.

நான் குளச்சல்காரி.
ஓதம் ஏறும், ஓதம் வற்றும்.
ஏறிய இடத்திலேயே நின்றுவிட்ட கடலுக்கு
எங்களிடம் சொல் கிடையாது.

"நல்லாத் தூங்குறார்ல?"
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மச்சினர் கேட்டார்.
மருந்து மூடிய கண்ணைத்
தூக்கம் என்று சொல்வதா வேண்டாமா.
தலையாட்டி வைத்தேன்.
அவரேதான் சொன்னார்:
கேம்பில் ஒரு மெத்தைக்கு இரண்டு பேராம்.
இவர் கம்பி கட்டப் போனதும் நேபாளிப் பையன் வந்து படுப்பான்.
சூடு ஆறியதே இல்லையாம் அந்த மெத்தை.
இப்போது தனிக்கட்டில்.
பட்டனை அமுக்கினால் தலைமாடு உயரும்.

எனக்கும் ஆறாவது வாரம், நைட்.
ஹாஸ்டல் ஜன்னலுக்கு அலுமினியத்தாள் ஒட்டிப்
பகலைக் கொஞ்சம் கொன்று படுக்கிறேன்.
ஒரு மூலை கிழிந்திருக்கிறது.
அதன் வழியே ரிஃபைனரித் தீ,
என்றைக்கும் அணையாதது.
தேதி தள்ளித்தள்ளிப் போகிறது.
கல்யாணமாகாதவள் யாரிடம் சொல்ல.

நேற்று முன்தினம்
பம்ப்பின் சிவப்பு வெளிச்சத்தின் மேல்
பிளாஸ்திரி ஒட்டினேன்.
அலாரத்தை இரண்டு படி இறக்கினேன்.
மேல்விளக்கை அணைத்துவிட்டு
ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்,
மானிட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.
துடைக்கவில்லை.
ஒரு மணி நாற்பது நிமிடம்.
சார்ட்டில் "தாமதத்துக்குக் காரணம்" என்றொரு கட்டம்.
பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து
"இரவு" என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் இன்னும் கூப்பிடவில்லை.

இன்று குழாயை எடுத்தார்கள்.
தொண்டை உரசிக்கொண்டு வந்த முதல் வார்த்தை,
"மணி?"
"நாலு, அண்ணே."
உதட்டை நனைத்துவிட்டேன்.
கொஞ்சம் பொறுத்து,
"எந்த நாலு?"

ஆகஸ்ட்டில் ஃபஹாஹீலில்
இரண்டு நாலுக்கும் சற்று முன்னால்
ஒரு பாங்கு உண்டு.
"பாங்கு கேட்டுச்சே" என்றார்.
எனக்கும் கேட்டது.

ஒரு கணம், சத்தியமாக, எனக்குத் தெரியவில்லை.
சுவரைப் பார்த்தேன்; இந்த வார்டில் ஜன்னல் கிடையாது.
கைக்கடிகாரத்துக்கும்
பன்னிரண்டு எண்கள்தான் தெரியும்.

"இருங்க" என்றேன்,
"வெளிய பாத்துட்டு வாறேன்."