இரண்டு மணி நேரம்

கொமாரபாளையம் காலேஜில் எலிகளுக்குத் தீனி போடுவது என் வேலை.
பதினோரு வருசமாச்சு. கூண்டுக்கு ஆறு.
உமி மாற்றணும், பாட்டில் கழுவணும்,
வாலில் மை அழிந்தால் மறுபடி எண் போடணும்.
பதினேழாம் எலி கடிக்கும். மற்றதெல்லாம் பழக்கம்.

பானு மேடத்தின் ஆராய்ச்சி வெங்காயத்தில்.
பார்க்க வருகிறவர்கள் மஞ்சளா என்பார்கள்,
ஈரோட்டுப் பக்கம் வேறென்ன இருக்கப்போகிறது என்று.
இல்லைங்க, சின்ன வெங்காயத் தோல்.
தாராபுரம் மண்டியில் தூற்றிக் கொட்டும் சருகை
மூட்டை அறுபது ரூபாய்க்கு நான்தான் வாங்கி வந்தேன்.
ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து,
கடைசியில் ஒரு சிட்டிகைத் தூள்.
பார்த்தால் அதுவும் மஞ்சள் நிறம்தான்.
குவர்செட்டின் என்று சொல்லப் பழக எனக்கு ஒரு வாரம்.

செவ்வாய்க்கிழமை அறுப்பு.
எலிக்கு மயக்க மருந்து, மல்லாத்திப் படுக்கவைத்து,
விதையை இடுக்கியால் வெளியே எடுத்து
இரண்டு முழுச் சுற்று திருகி
ஒரு தையலில் நிறுத்துவார்.
நான் கடிகாரம் பார்ப்பேன். இரண்டு மணி நேரம்.
ரோஜா நிறம் ஊதாவாகும், அப்புறம் நாவற்பழம்.
பிரிக்க அரைமணி இருக்கையில் ஊசி.
பிரித்துவிட்டாலும் சேதம் நிற்காதுங்க, என்றார் ஒருநாள்.
ரத்தம் வராதது ஒரு கேடு.
வராமலிருந்து திரும்பி வருகிற ரத்தம் சுடும், அது இன்னொரு கேடு.
அந்தச் சூட்டை வெங்காயம் வாங்கிக்கொள்கிறதா,
அதைத்தான் பார்க்கிறோம்.

விதை என்பார், டெஸ்டிஸ் என்பார்,
கத்தரிக்காய் என்பதுபோல, குரல் மாறாமல்.
நான் அந்த வார்த்தையைப்
பதினாலு வயதில் ஓர் இரவு முழுக்கச் சொல்லவில்லை.

பவானி ரோட்டில் எட்டுத் தறி ஓடும் கொட்டகை.
ராத்திரி ஒன்பது மணி. தார் சுற்றிக்கொண்டிருந்தேன்,
இடப்பக்கம் யாரோ உள்ளே கைவிட்டுத் திருகினாற்போல.
என்னடா என்றார் அப்பன். வயித்து வலி என்றேன்.
அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். வாந்தி.
சூடு புடிச்சிருக்கும் என்று தொப்புளில் விளக்கெண்ணெய்.
அத்தனை சத்தத்திலும் ஓர் இழை முறுக்கிக்கொண்டால்
அப்பனுக்குக் காது சொல்லிவிடும்,
எட்டில் எந்தத் தறியோ அதன்முன் போய் நிற்பார்.
அன்றைக்கு என் பாயருகில் வந்து நின்றார்.
நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

காலையில் எட்டரை மணி ஈரோடு பஸ்.
பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி:
எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?
ஒன்றை எடுத்துவிட்டார்கள்.
ஊரில் குடல்வால் என்று சொல்லிக்கொண்டோம்.

ஒன்று போதும் என்பது நெசந்தான்.
கோகிலவாணி ஏழாவது படிக்கிறாள், அப்படியே என் மூக்கு.
அவள் அம்மாவுக்குத் தெரியும். தெரியாமலா இருக்கும்.
கேட்டதில்லை.

நேற்று மேடம் கண்ணாடிச் சில்லைக் காட்டினார்.
மருந்தில்லாத எலிக்கு வளையமெல்லாம் வெறும் ஓட்டை,
குடிபோன வீடு மாதிரி.
மருந்து போட்டதில் வளையத்துக்குள் வரிசை வரிசையாக ஆட்கள்.
அட, குறுக்கே அரிந்த வெங்காயமேதான், என்றேன்.
சிரித்தார். எல்லா எலியிலும் அப்படியில்லை,
ஒன்பது தேறவில்லை, பதினொன்றும் தேறவில்லை.
இதெல்லாம் எலிக்குத்தாங்க. மனுசனுக்கு ரொம்ப தூரம்.

பதிமூணு மணி நேரம் ஆயிருந்தா? என்று கேட்டேன்.

பேனா நின்றது.
அதுக்கப்புறம் செடி என்னங்க பண்ணும்?
முதல்ல யாராச்சும் பிரிச்சுவிடணும்.
எந்த மருந்தும் தானாப் போய் முறுக்கைப் பிரிக்காது.
ஏன் கேக்கறீங்க சென்னியப்பன்?

சும்மாங்க, என்று வாயெடுத்தேன்.
பதினேழு கூண்டுக்கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது.
எனக்குங்க, என்றேன். இடது விதை.

அவ்வளவு சின்ன வார்த்தை.
மேடம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.
உமி மாற்ற நேரமாகியிருந்தது,
உட்கார்ந்தேன்.