அறுபத்திரண்டாவது ஆள்

இரவு ஷிப்ட். அழகாபுரத்தில் மூன்றாவது மாடி.
பார்த்துத் தள்ள வேண்டியவை இன்று நூற்று நாற்பது செயலிகள்.
முதலாவது டார்ச்.
இரண்டாவதும் டார்ச், பச்சை நிறத்தில்.
மூன்றாவது சூப்பர் டார்ச். திறந்தால்
வெளிச்சத்துக்கு முன்னால்
முப்பது நொடி ரம்மி விளம்பரம்.
இருட்டில் தடுக்கி விழுகிறவன்
அந்தரத்திலேயே காத்திருக்க வேண்டும்.

சிரித்துவிட்டேன். ரெஜினா ஹெட்போனைக் கழற்றினாள்.
அவளுக்கு வாய்த்தவை ராசிபலன்கள்.
பன்னிரண்டு ராசிக்கும் ஒரே பலன்,
படம் மட்டும் ஆடு, மாடு, நண்டு.

மாம்பழ சீசனில் கடைவீதிக்கு அதிகாரிகள் வருவார்கள்.
கல் வைத்துப் பழுத்ததைக் கூடையோடு கவிழ்த்து
பினாயில் ஊற்றிப் போவார்கள்.
அவர்களுக்கு மூக்கு போதும்.
எனக்கு நாற்பது பக்க விதிமுறை,
ஒரு செயலிக்கு நான்கு நிமிடம்.

லக்கி லேப். ஸ்மார்ட் அண்ணா ஸ்டூடியோ. எஸ்.வி. டூல்ஸ்.
பதினோரு பெயர்கள், பதினோரு மின்னஞ்சல்கள்.
எல்லாவற்றிலும் ஒரே பிழை: "அமைப்புகல்".
ஒரு குண்டு ல
அத்தனை பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

முகவரி தாதகாப்பட்டி கேட், பேக்கரிக்கு மாடி.
எனக்குத் தெரிந்த பேக்கரி.
எதிர்த்த வண்டியில் தட்டுவடை செட் தின்றபடி
மேலே எரியும் ட்யூப்லைட்டைப் பார்த்திருக்கிறேன்.
டியூஷன் சென்டர் என்று நினைத்திருந்தேன்.

செங்கோட்டுவேல். நான் பிறந்த அதே வருடம்.
இருநூற்றுப் பதினான்கு செயலிகள்.
இந்த ஊரில் அவ்வளவு இருட்டே கிடையாது.

நூற்று எண்பத்தேழாவது: கிழங்கு பாயிண்ட்.
விளம்பரத்தை மூட மூலையில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
வரவில்லை.
மூட்டை எத்தனை, மண் கழிவு எவ்வளவு,
மில்லில் சொன்ன பாயிண்ட் என்ன,
லாரி வாடகை யார் தலையில்.
நான்கு கட்டம், கீழே ஒரு தொகை.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:
"இதைவிடக் குறைத்துக் கொடுத்தால்
மறுபடி எடை போடச் சொல்லுங்கள்."

பயன்படுத்துவோர் அறுபத்தொருவர்.
ஒரே ஒரு விமர்சனம், தம்மம்பட்டியிலிருந்து:
"நானூறு ரூபாய் திரும்ப வாங்கினேன் தம்பி."
அதில் மட்டும் "அமைப்புகள்"
சரியாக எழுதியிருந்தான்.

ஹைதராபாத்துக்கு எழுதிக் கேட்டேன்,
ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாமா.
பதினோரு நிமிடம் கழித்துப் பதில்:
மூடப்படுவது கணக்கு, செயலி அல்ல.
கூடவே ஒரு கட்டைவிரல்.

டார்ச்சுகள்தான் கிழங்குக்குச் சோறு போட்டனவோ என்னவோ.
அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.
ஆனால் அந்த டார்ச் ஒவ்வொன்றும்
என் தொடர்பு எண்களைக் கேட்டது.
வெளிச்சத்துக்கு எதற்கடா
என் அத்தை நம்பர்?
போன மாதம் ரெஜினாவின் சித்திக்கு
இப்படி ஒன்றில்தான் ஒன்பதாயிரம் போனது.
யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.
தாதகாப்பட்டியாகக்கூட இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

மூன்று நாற்பதுக்குக் காரணக் கட்டத்தில் எழுதினேன்:
ஒரே பொருள், திரும்பத் திரும்ப.
உடனே அழுத்தவில்லை.
என் சொந்த போனை எடுத்து
கிழங்கு பாயிண்டை இறக்கினேன்.
அறுபத்தொன்று அறுபத்திரண்டாக மாறும்வரை
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழுத்தினேன்.

விடிந்ததும் ஸ்கூட்டி
வீட்டுப் பக்கம் திரும்பாமல் கேட் பக்கம் போனது.
வண்டிக்காரர் வர மாலையாகும். பேக்கரி திறந்திருந்தது.
மாடியில் ட்யூப்லைட் இன்னும் எரிந்தது.
கைலியோடு ஒருவன் இறங்கி வந்தான்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
ஒரு டீ என்றான்.
கொஞ்சம் பொறுத்து, சர்க்கரை வேண்டாம் என்றான்.
நான் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

விற்க என்னிடம் கிழங்கில்லை.
இருந்தாலும் போனைத் திறந்து
நாற்பது மூட்டை என்று போட்டேன்.
கழிவு இரண்டு. பாயிண்ட் இருபத்தேழு.
வாடகை என் தலையில்.

தொகை வந்தது.
சரியாகத்தான் இருந்திருக்கும்.